பழைய பைபர் போட்டைத் தேற்றுவது எப்படி, அதற்கு எந்த எஞ்சின்

"அண்ணே, 28 அடி பைபர் ஒண்ணு விலைக்கு வருது. என்ன எஞ்சின் போடலாம்?"

எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: போட்டு என்ன கனம்? அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. நீளம் தெரியும், விலை தெரியும், பெயிண்ட் நிறம் தெரியும். கனம் மட்டும் யாருக்கும் தெரியாது. எஞ்சினை முடிவு செய்வதோ அந்தக் கனம்தான்.

நான் நாகை, காரைக்கால் கரையில் பைபர் வேலை பார்க்கிறவன். இங்கே இன்று பழசாக விலைக்கு வரும் போட்டுகளில் நிறைய, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தவை. அந்த அலையில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போனது நாகை மாவட்டத்தில். கட்டுமரமும் வள்ளமும் போன இடத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் பைபர் போட்டுகளாக இறக்கின. அவசரத்துக்கு ஊருக்கு ஊர் புதுப்புது யார்டுகள் முளைத்தன. நன்றாகச் செய்தவர்களும் உண்டு, மேட்டையும் (கண்ணாடியிழை விரிப்பு) ரெசினையும் (அதை ஊற வைத்து இறுக்கும் பிசின்) மிச்சம் பிடித்தவர்களும் உண்டு. இருபது வருஷம் கழித்து இரண்டும் வெளியே ஒரே மாதிரி பெயிண்டோடு நிற்கின்றன. எது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை தொடங்குகிறது.

வாங்கும் முன்னால்

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். ஒரு ஐந்து ரூபாய்க் காசும் சின்ன மரச் சுத்தியலும் போதும். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரைக்கும் அடிப்பகுதியைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கூர்மையாகக் கேட்கும். மேட் பிரிந்து கிடக்கும் இடமும் உள்ளே தண்ணீர் இறங்கிய இடமும் 'டொத்'தென்று செத்த சத்தம் கொடுக்கும். கேட்ட இடத்தைச் சாக்பீசால் வட்டம் போட்டு வையுங்கள். வட்டங்கள் சிதறிக் கிடந்தால் பயமில்லை. ஏராவை, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, ஒட்டி வரிசையாகவோ, எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுற்றியோ வந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் நீர் பீய்ச்சி அடிக்கும். காடி வாடை வந்தால் தண்ணீர் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டி ரெசினைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேற்றலாம், ஆனால் நாளாகும்.

வெறும் மயிரிழைக் கீறல்களைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லாப் பழைய ஜெல்கோட்டிலும் அது இருக்கும். ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. ஒரே திசையில் இணை கோடுகளாக ஓடினால் அந்த இடம் ஓட்டத்தில் மடங்கி மடங்கி நிமிர்கிறது. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. மேலே பூசினால் ஒரு பாடு (ஒரு தடவை மீன்பிடி) போய் வருவதற்குள் திரும்ப வரும்.

பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பாருங்கள். மீன்வளத் துறையில் பெயர் மாற்ற முடியாத போட்டுக்கு மானிய டீசலும் கிடையாது, கடலில் சோதனை வந்தால் பேச வாயும் கிடையாது.

எடைமேடை

வாங்கியாயிற்றா? அடுத்த வேலை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி லாரி எடைமேடைக்குக் கொண்டுபோவது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலி டிரெய்லரை எடை போட்டு, போட்டோடு எடை போட்டு, சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அந்தப் போட்டு என்ன கனம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கண்ணாடியிழைச் சுவர் ஒரு சதுர மீட்டர், 6 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் ஏறக்குறைய 9 கிலோ. டேப்பைப் போட்டு அடி, பக்கம், தளம் எல்லாம் அளந்து கூட்டி, சட்டங்களுக்கும் மரத்துக்கும் சேர்த்துக்கொண்டால் உத்தேசம் வந்துவிடும். அதைவிடச் சுலபம், அதே மோல்டில் (அச்சில்) வந்த நல்ல போட்டு ஒன்றை எடை போட்டுப் பார்ப்பது. 900 கிலோ இருக்க வேண்டியது 1,050 காட்டினால் அந்த 150 கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டு ஆள் எடையை எஞ்சின் சும்மா சுமந்துகொண்டு போகும், அதற்கும் எண்ணெய் எரியும்.

அந்தத் தண்ணீர் மூன்று இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: பின்பலகைக்குள் உள்ள பிளைவுட், அடிச்சட்டங்களுக்குள் உள்ள மரம், மிதப்புப் பெட்டிக்குள் உள்ள தெர்மோகோல் அல்லது ஃபோம்.

எத்தனை மேட் போட்டிருக்கிறார்கள்

சுனாமிப் போட்டு என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பக்கச் சுவரில், தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, ஹோல்-சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) வைத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு வில்லை வெட்டி எடுங்கள். அடிப்பகுதியில் ஏதாவது ஓட்டையை எப்படியும் அடைக்கப் போகிறீர்கள் என்றால் அங்கிருந்தும் ஒன்று. தடிப்பை அளந்து குறித்துக்கொண்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில், ஒரு தகரத்தில் வைத்து ஸ்டவ் தீயில் காட்டுங்கள். கரும்புகையோடு ரெசின் முழுக்க எரிந்து போகும். புகைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆறின பிறகு தகரத்தில் மிஞ்சுவது வெள்ளைக் கண்ணாடி மட்டும். அதை ஊசி முனையால் ஏடு ஏடாகப் பிரிக்கலாம்: குப்பையாகச் சிதறிய இழை மேட், பாய் முடைந்த மாதிரி இருப்பது ரோவிங். எண்ணிப் பாருங்கள்.

450 கிராம் மேட் ஒன்று ரெசினோடு சேர்ந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரும். 600 கிராம் ரோவிங் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 28 அடிப் போட்டின் அடியில் நான் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ரோவிங்கே இல்லாமல் மேட்டாக மட்டும் வந்தால், அல்லது தடிப்பு 6 இருந்தும் கண்ணாடி கொஞ்சமாகவும் மீதி வெறும் ரெசினாகவும் இருந்தால், உள்பக்கம் முழுக்க இன்னும் இரண்டு ஏடு போட்டாக வேண்டும். அது எவ்வளவு கனம் கூட்டும் என்பதையும் அதே 9 கிலோக் கணக்கில் போட்டு எழுதி வையுங்கள்.

கழுவு, காய வை

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வாடைக் காற்றும் மழையும் இருக்கும்போது மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பங்குனி, சித்திரைதான் நமக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். நம் பைபர் போட்டுகள் அதில் வராவிட்டாலும், எல்லாக் கைவேலை ஆட்களும் அப்போது விசைப்படகுப் பட்டறைகளுக்கு ஓடிவிடுவார்கள். ஆளை முன்னாலேயே பேசி வையுங்கள்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், ஒரு தடவை அல்ல, பல தடவை. உப்பு இருக்கும் வரைக்கும் அது ராத்திரிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் இருந்த இடத்தில் டீசலும் ஆயிலும் ஊறியிருக்கும். அதை சோப்புத் தூளாலும் பிறகு அசிட்டோன் துணியாலும் துடைத்த பின்தான் கிரைண்டரை வைக்க வேண்டும். எண்ணெய் மேல் கிரைண்டர் ஓட்டினால் சூட்டில் அது உள்ளே தேய்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் எந்த மேட்டும் பிடிக்காது.

பிறகு நிழலில், காற்று புகும்படி, கவிழ்த்துப் போட்டு வாரக்கணக்கில் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு முழம் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி அடிப்பகுதியில் வெயில் படும் இடத்தில் விட்டு, மறுநாள் பாருங்கள். தாளுக்கு உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்வை நிற்கும்வரை ரெசின் டின்னைத் திறக்காதீர்கள்.

பின்பலகை

இந்த ஒரு இடத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். எஞ்சின் தள்ளுவது முழுக்க இந்தப் பலகையில்தான் இறங்குகிறது.

உள்பக்கம், கீழ் மூலைகளில், 5 மில்லிமீட்டர் டிரில்லால் இரண்டு மூன்று துளை போடுங்கள். வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளுத்த காய்ந்த தூள் என்றால் நல்ல காலம். காப்பிப் பொடி மாதிரி கறுத்து விரலில் ஒட்டினால், நசுக்கும்போது ஈரம் கசிந்தால், பிளைவுட் போய்விட்டது. துளை வழியாக ரெசினை ஊற்றி நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈர மரத்துக்குள் ரெசின் இறங்காது, பக்கத்தில் கட்டியாகி நிற்கும். பழைய கட்டை அப்படியே அழுகிக்கொண்டிருக்கும்.

வெளிச் சுவரைத் தொடாமல், உள் சுவரை ஓரத்தில் நாலு விரல் விட்டு கட்டிங் வீலால் சதுரமாக வெட்டிக் கழற்றுங்கள். அழுகிய பிளைவுட்டை உளியால் கொத்தி எடுத்து, வெளிச் சுவரின் உள்முகத்தை 36 நம்பர் டிஸ்க்கில் வெள்ளை விழும்வரை தேய்க்க வேண்டும். புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கடையில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொல்வதெல்லாம் அது அல்ல, முத்திரையைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் இரண்டு பலகையை ஒட்டி 36 ஆக்குவது நம் போட்டுகளுக்குப் போதும். வெட்டின ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய். மாட்டுவதற்கு முன்னால் நாலு ஓரத்துக்கும் ரெசின் அது குடிக்கிற அளவுக்குக் கொடுங்கள்.

வெளிச் சுவரில் ஈரமான மேட் ஒன்றை விரித்து, அதன்மேல் பலகையை வைத்து, கிளாம்பால் ஓரங்களில் பிசின் பிதுங்கும்வரை இறுக்குங்கள். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது, நாளைக்கு அங்கே தண்ணீர் இருக்கும். மேலே மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட். அது பலகையோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு பக்கச் சுவரிலும் அடியிலும் ஒரு முழம் வரைக்கும் ஏறி, ஏடு ஏடாகப் படி குறைந்து முடிய வேண்டும். மூலையில் கூர்மையாக மடிக்காதீர்கள். ரெசினில் நறுக்கின இழையைக் குழைத்து மூலையை உருட்டலாக நிரப்பிவிட்டு அதன்மேல் ஓட்டுங்கள்.

ரெசின் கலக்கும்போது

கடையில் ரெசின், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் மூன்றும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்து ஓரமாக வையுங்கள். வேலைக்கு எடுக்கும்போது மட்டும் அந்தந்தக் கப்பில் கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லி. சித்திரை வெயிலில் 10 போதும், கால் மணி நேரத்துக்குள் கப் சூடாகி இறுகிவிடும். வெயில் அதிகம் என்று கேட்டலிஸ்ட்டை 10-க்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரைக்கும் முழுசாக வேகாது. குறைக்க வேண்டியது கோபால்ட்டை. அதைவிட நல்லது காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு மூட்டை கட்டுவது.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள். தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. கிரைண்டர் ஓட்டும்போது மூக்குக்குத் துண்டு கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். கண்ணாடித் தூளைத் துண்டு தடுக்காது. தூசிக்கு ஒரு மாஸ்க், ரெசின் நெடிக்குக் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க், இரண்டும் வாங்குங்கள்.

பழைய பைபர்மேல் புது ஏடு ரசாயனமாகக் கலக்காது, தேய்த்த சொரசொரப்பில்தான் கடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் சுவர் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 7 சென்டிமீட்டர் சரிவு, அதாவது தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு. முதல் ஏடு மேட்டாகத்தான் இருக்க வேண்டும், ரோவிங் நேராகப் பிடிக்காது. மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டேகால், இரண்டரை மடங்கு ரெசின். ரோவிங்குக்குச் சமம் போதும். ரோலரால் வெள்ளைப் புள்ளிகள் போகும்வரை உருட்டுங்கள். ரெசின் வழிந்து பளபளவென்று நின்றால் பலம் என்று நினைக்கிறார்கள். பலம் கண்ணாடியில் இருக்கிறது, மிச்ச ரெசின் வெறும் கனம், காய்ந்தால் வெடிக்கும்.

எப்பாக்சி போடலாமா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நன்றாகவே பிடிக்கும், பழைய பைபருக்கு அதுதான் மேல். ஆனால் நம் கடை மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். எப்பாக்சி என்றால் துணி வகைக் கண்ணாடி போடுங்கள். அதன்மேல் பிறகு சாதாரண ஜெல்கோட் சரியாக ஒட்டாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

ஏராவும் மிதப்பும்

மணலில் டிராக்டர் வைத்து இழுத்து இழுத்து ஏராவின் அடி காகிதமாகத் தேய்ந்திருக்கும், பின்பக்கத்தில் இன்னும் மோசம். முழு நீளத்துக்கும் மூன்று நாலு மேட், ஒன்றைவிட ஒன்று அகலமாக. தேய்வதற்கென்றே கடைசியாக ஒரு பட்டை. வருஷா வருஷம் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மிதப்புப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஊறிப்போன ஃபோமைக் காய வைத்து மறுபடி போட முடியாது, தூக்கிப் போடுங்கள். புதுத் தெர்மோகோல் வைப்பதானால் ஒரு விஷயம்: பாலியஸ்டர் ரெசின் பட்ட தெர்மோகோல் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். சுனாமிப் போட்டுகளில் பெட்டியைத் திறந்தால் பாதி காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு கட்டியையும் கெட்டிப் பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டிப் பெட்டிக்குள் இறக்கிய பிறகுதான் மேலே மூட வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? பைபர் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இழுக்கும். 900 கிலோ போட்டுக்கு 320 கிலோ. எஞ்சின் இரும்பு ஏறக்குறைய முழு எடையும் இழுக்கும், 100 என்று வையுங்கள். பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு ஒரு 80. ஆக 500. ஒரு லிட்டர் தெர்மோகோல் ஒரு கிலோவைத் தாங்கும், அப்படியானால் 500 லிட்டர், அரை கன மீட்டர். அணியத்தில் மட்டும் அடைத்தால் கவிழும்போது போட்டு செங்குத்தாக நிற்கும். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் பிரித்து வையுங்கள்.

ஜெல்கோட், பெயிண்ட் பற்றி எழுத அதிகமில்லை. கடைசிக் கோட்டு ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் சேருங்கள், இல்லாவிட்டால் காற்றுப் படும் மேல்முகம் பிசுபிசுவென்றே இருக்கும். அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காதீர்கள், வெடிக்கும்.

எல்லாம் முடிந்து மறுபடியும் எடைமேடை. இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பேசலாம்.

எஞ்சின்

காலிப் போட்டு 900. எஞ்சின் 100. நாலு ஆள் 280. வலை 300. ஐஸ் பெட்டி, எண்ணெய், தண்ணீர் 150. கிடைத்தால் மீன் 300. இரண்டு டன் ஆகிவிட்டது. எஞ்சின் தள்ளப்போவது இதை.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் போட்டுக்கு அதன் நீளமே ஒரு வேக வரம்பு வைக்கும். தண்ணீரில் படும் நீளம் 25 அடி என்றால் அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34-ஆல் பெருக்கினால் 6.7 நாட்டிக்கல் மைல், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இந்த வேகம் வரைக்கும் டன்னுக்கு நாலைந்து எச்பி போதும். அதாவது 10 எச்பி டீசல் நம் இரண்டு டன்னைத் தாராளமாகக் கொண்டுபோகும். அதைத் தாண்ட வேண்டுமானால் போட்டு தன் அலையின் மேல் ஏறித் தண்ணீர் மீது வழுக்க வேண்டும். அதற்கு 25 கிலோவுக்கு ஒரு எச்பி என்பது பொதுக் கணக்கு. இரண்டு டன்னுக்கு 80 எச்பி!

இடையில் 25 எச்பி போட்டால்? அணியம் வானத்தைப் பார்க்கும், அமரம் குழிக்குள் உட்காரும், பின்னால் பெரிய அலை எழும், எண்ணெய் ஓடும், வேகம் ஒரு மைலோ ஒன்றரை மைலோதான் கூடும். வேகத்தை ஒன்றரை மடங்காக்க மூன்று மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். 'கொஞ்சம் பெருசா போடுவோம்' என்று சொல்லி நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நீளமும் ஒடுக்கமுமான போட்டு நடுவேகத்திலும் ஓரளவு தாங்கிப் போகும், ஒத்துக்கொள்கிறேன். அகலமான நம் கரைப் போட்டு தாங்காது. இரண்டு பேர் தூண்டிலுக்கு மட்டும் போகிறீர்கள், மொத்தம் 1,200 கிலோவுக்குள் நிற்கும், அமரம் அகலமும் தட்டையுமாக இருக்கிறது என்றால் 40 எச்பி அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே தொங்கும் எஞ்சின், யோசிக்கலாம். மற்றவர்களுக்கு என் சிபாரிசு சின்ன டீசல்.

எங்கள் கரைக்கு லாங் டெயில் டீசல், அதாவது வால் மாதிரி நீளத் தண்டு வைத்தது, ஊர் வாயில் லம்பாடி, இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கரையோரத்தில் அலை உடையும் அலைவாய். கரையேறும்போது வாலைத் தூக்கினால் காத்தாடி (தண்டு முனையில் சுற்றும் ப்ரொப்பல்லர்) மணலில் இடிக்காது. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், உப்புத்தண்ணீர் உள்ளே ஓடாது. 10 எச்பி முழுசாக முடுக்கினாலும் மணிக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். 25 எச்பி இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு முடுக்கத்தில் 10 லிட்டரைத் தாண்டும். குறையும் உண்டு. சத்தத்தில் காது போகும். ஆட்டத்தில் போல்ட் எல்லாம் கழலும். சுற்றும் தண்டு திறந்து கிடக்கும், அதில் கைலி சுற்றிக்கொண்டால் ஆள் மிஞ்ச மாட்டான். தண்டுக்கு ஒரு தகர மூடி அடியுங்கள், எஞ்சின் பக்கத்தில் உட்காருகிறவர் அரைக்கால் சட்டை போடட்டும்.

கன்னியாகுமரிப் பக்கம் அவுட்போர்டு அதிகம், மண்ணெண்ணெயில் ஓடுவதும் உண்டு. மண்ணெண்ணெய் வகையைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனம் பட்டால் அடுத்த நாள் கிளம்பாது. பாக் நீரிணையில் அலை குறைவு, ஆழமும் குறைவு, பாசி அதிகம். அங்கே உள்ளே வைக்கும் எஞ்சின் ஓடும். எங்கள் அலையில் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு ஒரு வாரம் தாங்காது.

அவுட்போர்டு என்றே முடிவானால் இரண்டு ஸ்ட்ரோக்கா, நாலா? இரண்டு ஸ்ட்ரோக் எளிது, கரையிலேயே பிரித்து மாட்டலாம், எண்ணெய் அதிகம் குடிக்கும். நாலு ஸ்ட்ரோக் எண்ணெய் மிச்சம், கனம் கூடுதல், நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிப் பராமரிக்க மனசு வேண்டும். தினமும் கடலுக்குப் போய்க் கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுகிற ஆள் என்றால் நாலு வாங்குங்கள். கழுவாத ஆளுக்கு இரண்டுமே ரொம்ப நாள் உழைக்காது.

பழைய எஞ்சின் பார்க்கப் போனால் முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை தெரியும். அவுட்போர்டின் கியர் ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு விரலில் எடுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்ப்ரெஷன் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டரும் ஏறக்குறையச் சமமாகக் காட்டுகிறதா என்பது முக்கியம்.

மாட்டுவது, ஓட்டிப் பார்ப்பது

அவுட்போர்டுக்குப் பின்பலகையின் உயரம் அளந்துவிட்டுத்தான் தண்டு நீளம் சொல்ல வேண்டும். ஷார்ட் ஷாஃப்ட் 15 அங்குலம், லாங் ஷாஃப்ட் 20. காத்தாடிக்கு மேலே உள்ள தட்டு போட்டின் அடிமட்டத்தோடு சமமாக, இல்லையென்றால் ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். உயர்ந்தால் அலையில் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும், தாழ்ந்தால் இழுவை. கையால் இறுக்கும் கிளாம்பை மட்டும் நம்பாதீர்கள். 12 மில்லிமீட்டர் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட், அதில் 316 ரகம் கிடைத்தால் அதுவே, உள்பக்கம் முழு அகலத்துக்கு எஸ்எஸ் தகடு. ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது சீலன்ட் ஒருநாள் விட்டுப்போனாலும் தண்ணீர் பிளைவுட்டைத் தொடாது. லாங் டெயிலுக்கும் இதே தகடு, இதே துளை, கூடவே பலகையிலிருந்து அடிச்சட்டத்துக்கு இரண்டு முட்டுக் கட்டை.

காத்தாடியைக் காலிப் போட்டில் சோதிக்காதீர்கள். ஆள், ஐஸ், வலை எல்லாம் ஏற்றிக்கொண்டு முழுசாக முடுக்கிப் பாருங்கள். டீசல் தன் முழுச் சுற்றுக்கு எட்டாமல் கரும்புகை விட்டால் காத்தாடி பெரிது. அவுட்போர்டில் புத்தகத்தில் போட்டிருக்கும் சுற்று எல்லைக்குள் வர வேண்டும். பிட்ச், அதாவது காத்தாடி ஒரு சுற்றுக்கு முன்னே போகும் தூரம், ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று ஏறும். கனம் இழுக்கும் போட்டுக்குப் பிட்ச் குறைந்ததுதான் சரி. பக்கத்துப் போட்டின் காத்தாடி அங்கே நன்றாக ஓடுகிறது என்பது உங்கள் போட்டுக்கு ஒன்றும் சொல்லாது.

எஞ்சின் எண் மாறியதை மீன்வளத் துறைப் பதிவில் ஏற்றிவிடுங்கள். முதல் வாரம் கரைக்கு வரும்போதெல்லாம் ஸ்பேனரை எடுத்து எல்லாப் போல்ட்டையும் இறுக்குங்கள். ஒரு மாசம் ஓடிய பிறகு மேலே இழுத்துப் போட்டு, சாக்பீசால் வட்டம் போட்ட பழைய இடங்களை மறுபடி தட்டுங்கள். பின்பலகைப் போல்ட்டைச் சுற்றி மயிரிழை கிளம்பியிருந்தால் பலகை மடங்குகிறது. பூசி மறைக்காமல் தகட்டை அகலமாக்கி, முட்டுக் கட்டையை இன்னும் ஒரு சட்டம் முன்னால் கொண்டுபோய் இணையுங்கள்.